வரைவதற்கு ஓர் இடம் தாருங்கள்: தாமிரபரணிக் கரைத் தொல்லியல் தளங்களின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

பெறுதல்: ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய இடங்களின் தொல்பொருள்களைக் காத்துவரும் மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளின் அலுவலர்களுக்கு.

மதிப்புக்குரியோரே, வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகள் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் எழுத்து எழுதிப் பிழைத்தவன். பிளக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் ஒடுங்கிவிட்டதால், இப்போது ஒரு பெயிண்டுக் கடையில் நிறம் கலந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தொல்லியலை முறையாகப் படித்தவன் அல்லன். ஓவியக் கல்லூரியின் வாசலையும் மிதித்தவன் அல்லன். ஆயினும் கடந்த ஆறு ஆண்டுகளாக, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையோரமாக நடந்து, கண்ணில் பட்டதை வரைந்து வருகிறேன். அந்த நடையில் எனக்குக் கிடைத்த அறிவைக் கொண்டு உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் பொறுப்பில் உள்ள காட்சிக்கூடங்களிலும் அகழாய்வுத் தளங்களிலும், பார்க்க வருகிறவர் எவராயினும் பென்சிலும் தாளும் கொண்டு உட்கார்ந்து வரைவதற்கு எழுத்துமூலமான அனுமதியும், அதற்கு வேண்டிய சிறு வசதியும் செய்து தர வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள்.

இந்த நடை கிருஷ்ணாபுரத்தில் தொடங்கியது. திருச்செந்தூர் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் கடந்து போன ஊர்தான் அது. ஆனால் வேலை குறைந்துபோன ஒரு மாதத்தில், மனச்சோர்வோடு அந்த வேங்கடாசலபதி கோயில் மண்டபத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தபோதுதான், நாயக்கர் காலத்துத் தச்சன் கல்லில் விட்டுச்சென்ற கோடுகளை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனின் முழங்கையில் ஓடும் நரம்பைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். எழுத்து எழுதிய கைக்கு வளைவு புதிதில்லை என்று நினைத்திருந்தேன். அன்று அந்த ஒரு நரம்பை ஒன்பது முறை அழித்து எழுத வேண்டியிருந்தது. கோயிலில் எவரும் என்னைத் தடுக்கவில்லை. மாலையில் நடை சாத்தும் நேரத்தில், விளக்கோடு வந்த பெரியவர் ஒருவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, நான் முடிக்கும்வரை அந்த விளக்கைத் தூணருகே பிடித்துக்கொண்டு நின்றார். பக்கவாட்டிலிருந்து விழுந்த அந்த வெளிச்சத்தில், பகல் முழுதும் எனக்குத் தெரியாமல் இருந்த விரல் நகங்கள் தெரிந்தன. இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிச்சத்தைப் பற்றிப் பின்னர் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

அதன் பின் முதுகுப்பை ஒன்று வாங்கினேன். ஒரு போர்வை, தண்ணீர்க் குப்பி, அவல், இரண்டு பென்சில், ஒரு நோட்டு ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் வைப்பதில்லை. கிருஷ்ணாபுரத்திலிருந்து செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஆதிச்சநல்லூருக்கு நடந்தால் எனக்கு ஒரு முழுப் பகல் ஆகிறது. பேருந்தில் போகிறவருக்கு, பண்டைய இடுகாடான அவ்வூர்ப் பறம்பு சாலையோரத்துப் பொட்டல் மேடாகத்தான் தெரியும். நடந்து போகிறவருக்கோ, வயலின் பசுமை முடிந்து காலின்கீழ் சரளைக்கல் நெறுநெறுக்கத் தொடங்கும் இடம் துல்லியமாகத் தெரியும். நீர் பாயும் நிலத்தை உயிரோடிருப்போருக்கு விட்டுவிட்டு, உழுவதற்கு ஆகாத மேட்டை இறந்தோருக்கு ஒதுக்கிய அந்த ஊர்க்காரரின் கணக்கு கால் வழியாகவே எனக்கு விளங்கியது. எந்தப் பலகையும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

அந்த முதல் பயணத்தில் நான் செய்த தவறொன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மழை அரித்த சரிவில் உள்ளங்கை அளவில் ஒரு பானை ஓடு கிடந்தது. உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு, கழுத்தோரத்தில் மெல்லிய வெண்புள்ளிகள். அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு விளக்கடியில் வைத்து வரைந்தபோது, எந்தக் குழியின் அருகே, எந்தப் பானையின் பக்கத்தில் அது கிடந்தது என்பதை எழுத எனக்கு ஒரு சொல்லும் இல்லை. இடத்தைவிட்டுப் பெயர்த்த மறுநொடியே அது பேச்சிழந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திரும்ப நடந்துபோய், அங்கே பணியில் இருந்தவரிடம் அதை ஒப்படைத்து, எடுத்த சரிவையும் காட்டிவிட்டு வந்தேன். அதுமுதல் கூழாங்கல்லைக்கூட நான் எடுப்பதில்லை. வரைந்து எடுத்துப்போவதோடு சரி.

அந்தப் பறம்பிலிருந்து எடுத்துப்போனவர்களின் வரலாறு நீளமானது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும், இரும்பு வாள்களும், எருமையும் சேவலும் புலியும் நிற்கும் வெண்கல மூடிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரே முறையாகப் பதிவு செய்து எடுத்தார். 114 ஏக்கர் பரந்த இடுகாடு இது என்று உலகுக்குச் சொன்னவரும் அவரே. அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் இந்த மண்ணின் பிள்ளைகள் இந்த மண்ணின் கைவேலையைப் பார்க்க 600 கிலோமீட்டருக்கு மேல் இரயிலேற வேண்டிய நிலை ஒரு நூற்றாண்டாக நீடித்தது. அந்த நிலை இப்போது மாறி வருகிறது. 2023 ஆகஸ்டில் பறம்பிலேயே, இறந்தோரை அடக்கம் செய்த பெரிய மட்பானைகளான தாழிகள் கிடந்த இடத்தில் கிடந்தபடியே காணும்படி கண்ணாடித் தளம் அமைத்துத் திறந்தீர்கள். ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. பொருள்கள் ஊருக்கு அருகே வருகின்றன என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. அவற்றின் முன்னே நாங்கள் எவ்வளவு நேரம், எந்த விதமாக நிற்கப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

ஏனெனில் பார்க்க வருவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை ஆண்டு பழமை? ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்று வந்த காலக்கணிப்பும், சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று வந்த காலக்கணிப்பும் நம் எல்லோருக்கும் பெருமை தருபவையே. ஆனால் எண்ணைக் கேட்டதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறோம். ஒரு நாள் காட்சிக்கூடமொன்றில் ஒரு தாழியின் முன்னே உட்கார்ந்தபடி எண்ணிப் பார்த்தேன். ஒருவர்கூட அதன் முன் ஒரு நிமிடம் முழுதாக நிற்கவில்லை. அதே தாழியை வரைய எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தில் நான் கண்டவற்றைச் சொல்லத் தொடங்கினால் மடல் நீளும். சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தாழியின் கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல ஒரு மண்பட்டை ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம். அதன் ஒவ்வொரு பள்ளத்தையும் வரைந்துகொண்டே போனபோது, அவை ஈர மண்ணில் விரலால் அழுத்திய தடங்கள் என்று புரிந்தது. பள்ளங்கள் எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஓரிடத்தில் மட்டும் இடைவெளி நெருங்கி, இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. வட்டத்தைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தைத் தொட்டபோது இடம் போதாமல் போயிருக்கிறது. சுவரில் பெரிய எழுத்து எழுதுகிறவனுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். வரியின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஒடுக்கி எழுதிய நாள்கள் எனக்கும் உண்டு. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த ஒரு தொழிலாளியின் கையும் என் கையும் ஒரே இடத்தில் தடுமாறியதைக் கண்டபோது கண் கலங்கிவிட்டது. கைப்பேசிப் படத்தில் அந்த இடம் மறுபக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் பட்டை வெறும் அலங்காரம்தானா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, காருகுறிச்சிக்குப் போய் மண்பாண்டத் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் என் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பாத்திரத்தைச் சக்கரத்தில் சுற்றி எடுக்க முடியாது, மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் வளர்க்க வேண்டும் என்றார். கழுத்துப் பட்டை அழகுக்கு மட்டும் அன்று, இணைப்பு விட்டுப்போகாமல் பிடிப்பதற்கும் ஆகும் என்பது அவர் கருத்து. அவர் சொன்னது சரியா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் என் படம் இல்லையென்றால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

இன்னொன்றையும் அந்தப் படம் எனக்குக் கொடுத்தது. பென்சிலை நீட்டிப் பிடித்துத் தாழியின் வாய் அகலத்தை உடலின் உயரத்தோடு அளந்தபோது, அந்த வாய் நான் நினைத்திருந்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனோடு பல சுரங்களைக் கடந்து வந்து, வழியில் அவனை இழந்த ஒரு பெண் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பல்லியைப் போல அவனோடு வந்தவள் நான் என்று சொல்லி, ஈமத்தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யுமாறு குயவனை வேண்டுகிறாள். பள்ளிக்காலத்தில் கேட்ட பாட்டுத்தான். ஆனால் அந்த அகலத்தை என் கையால் அளந்து தாளில் இறக்கிய நாளில்தான், அவள் கேட்டது எவ்வளவு உண்மையான, எவ்வளவு எளிதில் செய்யக்கூடிய ஒரு பொருளை என்று என் உடம்புக்குத் தெரிந்தது. பின்னொரு நாள் பறம்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் வந்து, "என்னத்த எழுதுதீய அண்ணாச்சி?" என்று கேட்டார். படத்தைக் காட்டிப் பாட்டின் பொருளையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சற்று நேரம் அருகில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

வரைதல் உங்கள் துறைக்குப் புதிதன்று. ஒளிப்படக் கருவிகள் இவ்வளவு வளர்ந்த பின்னும், அகழாய்வில் கிடைக்கும் முக்கியமான ஓடுகளை உங்கள் வரைவாளர்கள் கையால் வரைகிறார்கள். ஒரு பாதியில் வெட்டுமுகத்தையும் மறு பாதியில் வெளித்தோற்றத்தையும் காட்டும் அந்த முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. விளிம்பின் தடிமனையும் வளைவையும் ஒரே பார்வையில் காட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதால்தான் அதை நீங்கள் கைவிடவில்லை. அந்தப் படங்கள் அறிக்கைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அவற்றில் சிலவற்றைப் பெரிதாக்கி, அந்தந்தத் தாழியின் அருகிலேயே மாட்டிவைத்தால், பள்ளிப் பிள்ளைகள் பொருளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். நான் அந்த முறையை ஒரு பழைய அறிக்கையின் நகலைப் பார்த்து நானாகக் கற்றுக்கொள்ள ஓராண்டு பிடித்தது.

என் மனவருத்தம் ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வெளியூரில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் பேருந்து மாறிமாறிப் போய்ச் சேர்ந்தேன். எந்த ஊர், எந்தக் கூடம் என்று எழுதப்போவதில்லை. பழைய மட்கலங்கள் இருந்த பெட்டியின் முன்னே தரையில் உட்கார்ந்து வரையத் தொடங்கிய சற்று நேரத்தில் காவலர் ஒருவர் வந்து, நோட்டை மூடச் சொன்னார். விதி எங்கே எழுதியிருக்கிறது என்று பணிவாகவே கேட்டேன். எழுதியிருக்கவில்லை, ஆனால் இங்கே உட்காரக் கூடாது, வரையக் கூடாது, படம் வேண்டுமானால் பணம் கட்டிக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முதுகுப்பையை உள்ளே கொண்டுவந்ததற்கும் கடிந்துகொண்டார். பையை வைக்க வெளியே இடம் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு எவரும் வேறு விதமாகச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் அருகில் நின்று, தன் பள்ளி நோட்டில் அந்தக் கலங்களில் ஒன்றின் விளிம்பை வரையத் தொடங்கியிருந்த பத்து வயதுச் சிறுமியும் அவர் சொல்லைக் கேட்டு நோட்டை மூடிவிட்டாள். அவள் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் எழும் கூடங்களில் எந்தப் பிள்ளைக்கும் அது நேரக் கூடாது என்றே இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

நான் கேட்கும் வசதிகள் பெரியவை அல்ல. நுழைவாயிலில் உள்ள விதிப் பலகையில், பென்சிலால் வரைய அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை எழுதித் தர நானே தூரிகையோடு வருகிறேன். மடக்கி வைக்கும் முக்காலிகள் பத்து இருந்தால் போதும். மையும் வண்ணமும் பொருளுக்குத் தீங்கு செய்யும் என்பதால் அவற்றைத் தடை செய்வதை நானும் ஆதரிக்கிறேன். கூட்டம் மிகுந்த நாள்களில் வரைவோர் வழியை மறிப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. அப்படியானால் வார நாள்களில் காலை இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். பறம்பில் வெயில் கடுமையாக இருக்கிறது. ஆயினும் நிழலுக்கென்று அங்கே மரம் நடச் சொல்ல எனக்கு மனம் வராது. எந்த வேர் எந்தத் தாழியை உடைக்கும் என்று எவரால் சொல்ல முடியும்? குழி தோண்டாமல், மேலே நிறுத்தி எடுக்கக்கூடிய ஓலைப் பந்தல் ஒன்று போதும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பதாகச் சொன்னேன். 2004-05இல் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் சத்தியமூர்த்தி அவர்கள் தலைமையில் நடந்த அகழாய்வில் 160க்கும் மேற்பட்ட தாழிகளோடு ஓர் அரிய ஓடும் கிடைத்தது. ஒரு பெண்ணும், வாழையும், மீனைக் கவ்விய கொக்கும், மானும், முதலையும் மண்ணால் ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டிருக்கும் அந்த ஓட்டை அச்சில் வந்த படத்தைப் பார்த்து நான்கு முறை வரைந்திருக்கிறேன், நான்கும் தோல்வியே. நேராக விழுந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதால், எந்த மண்திரி எதன் மேல் ஏறியிருக்கிறது என்பது அதில் தெரியவில்லை. அத்தகைய புடைப்பு வேலைகளைக் காட்சிக்கு வைக்கும்போது மேலிருந்து விழும் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்ந்து விழும் ஒரே ஒரு விளக்கைப் பொருத்திப் பாருங்கள். கிருஷ்ணாபுரத்துப் பெரியவர் பிடித்த விளக்கு அந்தச் சிற்பத்துக்குச் செய்ததை, அது அந்தப் பெண்ணுக்கும் செய்யும்.

கண்ணாடித் தளத்திலும் ஒரு குறை உண்டு. தாழி இருந்த இடத்தில் இருந்தபடி தெரிவது பெரும் பேறு. ஆனால் மேலிருந்து குனிந்து பார்க்கிறவருக்கு அது வட்டமாக மட்டுமே தெரிகிறது; அடி கூம்பிக் குறுகி வருவதும், வயிறு அகன்று நிற்பதும் தெரிவதில்லை. காருகுறிச்சிக் கைவினைஞர்களைக் கொண்டு, பழைய முறையிலேயே, அதே அளவில் ஒரு தாழியைச் செய்து அருகில் நிறுத்தி, அதைத் தொட்டுப் பார்க்கவும் அளந்து வரையவும் விடலாம். பார்வை இல்லாதோருக்கும் அந்தத் தாழியைக் கையால் காணும் வாய்ப்புக் கிடைக்கும்.

நடந்து வருவோருக்காகவும் ஒரு சொல். ஆதிச்சநல்லூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஆற்றைக் கடந்து, பெருங்குளத்துக் கரை வழியாகச் சிவகளைப் பறம்புக்கும், அங்கிருந்து ஏரல் வழியாக, ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்து இன்று கடலைவிட்டு உள்ளொதுங்கிக் கிடக்கும் கொற்கைக்கும் நடந்தே போகலாம். வயலும் வாழையும் குளமும் மாறிமாறி வரும் அந்த வழியில், முதுகுப்பையோடு வருகிற இளைஞர்களை இப்போது அவ்வப்போது காண்கிறேன். அவர்களுக்குத் திசைகாட்டும் கல் நான்கைந்தும், குடிநீரும், தளத்தின் வாயிலில் பையை வைக்க ஓர் அலமாரியும் இருந்தால் போதும். கூடவே, தரையில் கிடக்கும் ஓட்டை எடுக்காதீர்கள், உட்கார்ந்து வரைந்துகொள்ளுங்கள் என்று ஒரு பலகை வைத்தால், என் போன்றோர் செய்த தவறு குறையும். எடுக்காதே என்று மட்டும் எழுதிய பலகையைக் கடந்து போய்த்தான் நான் அன்று அந்த ஓட்டை எடுத்தேன்.

இம்மடலோடு என் படங்களில் 11இன் நகல்களை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்புறமும் நாளும் இடமும், நான் உட்கார்ந்திருந்த திசையும் எழுதியுள்ளன. ஏழாவது படம் கண்ணாடித் தளத்தின் மேலிருந்து பார்த்து, கீழே உள்ள உருவத்தை ஊகித்து வரைந்த வெட்டுமுகம். அதில் அடிப்பகுதியின் தடிமன் தவறாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். உங்கள் வரைவாளர் ஒருவர் நேரம் ஒதுக்கிச் சிவப்பு மையால் அதைத் திருத்தி அனுப்பினால், திருத்தியபடி மீண்டும் வரைந்து கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
பணிவுடன்,
சுவர் எழுத்து ஓவியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.